சபுராளிக்கு மட்டுமா, வீட்டாருக்கும் வேண்டும் பயிற்சி!

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்யப்படுவதை நேரில் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். சேலையின் உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடாக்கள். தறியில் அமர்ந்திருப்பவர் எத்துணைக் கைதேர்ந்த நெசவாளராயினும், மறுகரையின் நாடாவைப் போட்டு வாங்க இன்னொருவர் துணையிருக்க வேண்டும். ஒருவர் கவனம் தவறினாலும் கோர்வை விலகிவிடும்.

அயல்நாட்டுப் பிழைப்பும் இத்தகையதே. இன்று காஞ்சியின் இளைஞர்களிற் பலர் தறியை விட்டு ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குச் செல்கின்றனர். சிலர் வளைகுடா நாடுகளையும், மலேசியா, சிங்கப்பூரையும் நாடுகின்றனர். விமானம் ஏறுபவர் ஒருவர்தான். ஆனால் அவருடைய சபர் நலமாக முடிவதற்கு வீட்டிலிருக்கும் தாய், தந்தை, மனைவி ஆகியோரும் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். செல்பவருக்குப் புத்தி சொல்ல ஊரில் பலர் உண்டு. இருப்பவருக்குச் சொல்வார் அரிது. ஆகவே இக்கட்டுரை இரு சாராருக்குமானது.

விசாவுக்குப் பணம் கொடுக்கும் முன்

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகையைச் சேர்ந்தது. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குச் செல்ல வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். இது நம்மைத் தடுக்கும் சங்கிலியன்று; ஏமாறாமல் காக்கும் வேலி. ‘டூரிஸ்ட் விசாவில் போய்விடு, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்று ஒருவர் கூறினால், அவர் அந்த வேலியைப் பிடுங்கி எறியச் சொல்கிறார் என்பதே பொருள்.

முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை ‘இ-மைக்ரேட்’ என்னும் அரசு இணையதளத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன்மீதான வரியும் என்று விதி உள்ளது. ஒன்றரை இலட்சம், இரண்டு இலட்சம் என்று கேட்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். வீட்டுப் பெண்களின் நகை அடகுக்குச் செல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

கணினி வேலை, கை நிறையச் சம்பளம் என்று கூறித் தாய்லாந்துக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்து எல்லை கடத்தி மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் அடைத்து, இணைய மோசடி வேலையில் ஈடுபடுத்திய கொடுமையை நாம் மறக்கலாகாது. அவ்வாறு சிக்கிய தமிழக இளைஞர்கள் 2022-ஆம் ஆண்டில் மீட்டுக் கொண்டுவரப்பட்டனர். படித்த பிள்ளைகளும் ஏமாந்தனர் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

எழுத்தில் இருக்கட்டும்

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே திருக்குர்ஆனில் மிக நீண்ட வசனம். கடனுக்கே அப்படியென்றால், இரண்டு மூன்று ஆண்டு உழைப்புக்கு எவ்வளவு கவனம் வேண்டும்? சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், உணவு, விடுமுறை, திரும்பும் விமானச் சீட்டு ஆகியவை ஒப்பந்தத்தில் இடம்பெற்றுள்ளனவா என்று பாருங்கள். அரபியிலோ ஆங்கிலத்திலோ இருப்பின், தெரிந்தவரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்னரே கையெழுத்திடுங்கள்.

ஈ.சி.ஆர். வகையினருக்குப் ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ என்னும் காப்பீடு கட்டாயமானது. இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் என்ற சிறு தொகைக்கு, விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 இலட்சம் ரூபாய் வரை ஈடு கிடைக்கும். ஆனால் அந்தப் பத்திரம் சபுராளியின் பெட்டிக்குள்ளேயே கிடந்தால், தேவை வரும் நாளில் வீட்டாருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. அதன் நகல் வீட்டில் இருக்க வேண்டும்.

பெட்டியில் வைப்பதும் விலக்குவதும்

பாசத்தோடு உம்மா கட்டிக் கொடுக்கும் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று பாருங்கள். நம் வீட்டுக் குருமாவுக்கு அது சாதாரணச் சரக்கு. அமீரகம், சவூதி போன்ற நாடுகளில் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் தடை செய்யப்பட்டது. ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் அங்கே செல்லாது. வலிக்கும் இருமலுக்கும் தரப்படும் டிரமடால், கோடீன் கலந்த மருந்துகளும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருந்து கொண்டு செல்ல வேண்டியவர்கள் மருத்துவரின் சீட்டுடன், அந்நாட்டின் முன்னனுமதி வேண்டுமா என்பதையும் விசாரித்தறிதல் அவசியம். அறிமுகமற்றவர் தரும் பார்சலை ‘ஊர்க்காரர்தானே’ என்று வாங்கிக்கொள்ளாதீர்கள். உள்ளே இருப்பது எதுவானாலும் பொறுப்பு உங்களுடையதாகிவிடும்.

பவர் பேங்கைச் சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 100 வாட்-மணி வரையுள்ளதே பொதுவான வரம்பு, 20,000 எம்.ஏ.எச். என்று குறிக்கப்பட்டது ஏறத்தாழ 74 வாட்-மணிதான் ஆகும். வளைகுடா நாடுகளிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் பெரும்பாலும் சதுரமான மூன்று கால் பிளக்குகளே பயன்படுகின்றன. அதற்கேற்ற மாற்றுப் பிளக் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சவூதியின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் 127 வோல்ட் இணைப்புகள் இருக்கக்கூடும். ஊரிலிருந்து கொண்டுபோகும் மிக்சியையோ இஸ்திரிப் பெட்டியையோ செருகுமுன் வோல்ட் அளவைப் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் மூண்ட தீயில் 45 இந்தியர் உயிரிழந்தனர். அவர்களில் எழுவர் தமிழகத்தார். மின்கசிவே காரணம் என்று விசாரணையில் கூறப்பட்டது. ஓர் அறையில் பலர் தங்கும்போது ஒரே நீட்டிப்புப் பலகையில் அடுப்பு, கெட்டில், செல்போன் என்று எல்லாவற்றையும் மாட்டுவது பெரும் ஆபத்து. அறைக்குப் போன முதல் நாளே வெளியேறும் வழிகள் இரண்டையாவது நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். மாடிக் கதவு பூட்டியிருந்தால் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

கைப்பேசி: உறவும் அதுவே, கண்ணியும் அதுவே

முன்பெல்லாம் கடிதமும், குரல் பதிந்த கேசட்டும் ஊருக்கு வருவோர் கையில் வந்து சேரும்; அதுவரை வீடு காத்திருக்கும். இன்று முகம் பார்த்துப் பேசலாம். அமீரகத்தைப் போன்ற சில நாடுகளில் வாட்ஸ்அப் பேச்சு அழைப்புகளுக்குக் கட்டுப்பாடு இருந்து வருவதால், அங்கே அனுமதி பெற்ற செயலி எது என்பதைக் கேட்டறிந்து வீட்டாரின் கைப்பேசியிலும் ஏற்றிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். அமீரகம் நமக்கு ஒன்றரை மணி நேரமும், சவூதி இரண்டரை மணி நேரமும் பின்தங்கியவை; மலேசியாவும் சிங்கப்பூரும் இரண்டரை மணி நேரம் முந்தியவை. இரவு வேலை முடித்து உறங்குபவரை விடியற்காலையில் எழுப்பாதிருக்க இக்கணக்கு உதவும்.

இந்திய சிம் கார்டைத் தூக்கி எறியாதீர்கள். வங்கியின் ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே வரும். பயன்படுத்தாமலும் பணம் ஏற்றாமலும் மாதக்கணக்கில் விட்டால் எண் பறிபோய் வேறொருவர் கைக்குச் செல்லலாம். வெளிநாட்டில் குறுஞ்செய்தி வரும் வசதியை விமானம் ஏறுமுன்னே இயக்கிவிடுங்கள்.

வீட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘உங்கள் கணவர் போலீஸில் பிடிபட்டுள்ளார், உடனே பணம் அனுப்புங்கள்’ என்று அழைப்பு வரலாம். குரலைக்கூட அவருடையது போலவே செய்து காட்டும் தொழில்நுட்பம் இன்று வந்துவிட்டது. இதற்கு எளிய மருந்து ஒன்று உண்டு. குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைக் கூறாதவருக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, அவருடைய எண்ணுக்கோ உடன் தங்கியிருப்பவர் எண்ணுக்கோ நீங்களே அழையுங்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணில் முறையிடுங்கள்.

வியர்வைப் பணம் வந்து சேரும் வழி

அயல்நாட்டில் குடியமர்ந்தவர் ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருப்பது விதிக்குப் புறம்பானது. வங்கியில் தெரிவித்து அதனை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே ஈட்டியதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு ஏற்றது, அதிலுள்ள பணத்தைத் தேவைப்படின் தடையின்றி வெளிநாட்டுக்கே திருப்பிக்கொள்ளலாம். இரண்டிலும் நியமனதாரர் பெயரை மறவாமல் பதியுங்கள்.

உண்டியல் வழியில் அனுப்பினால் சில ரூபாய் கூடக் கிடைக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம். அனுப்பியதற்குச் சான்றும் இல்லை. அது மட்டுமன்று. முகமறியாத ஒருவர் கணக்கிலிருந்து உங்கள் மனைவியின் கணக்கில் விழும் தொகை, எங்கோ ஓர் ஏழையிடம் இணைய மோசடியில் பறித்த பணமாகவும் இருக்கலாம். காவல்துறை அதனைத் தொடர்ந்து வரும்போது முடக்கப்படுவது நம் வீட்டுக் கணக்குதான். பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அன்றோடு நின்றுவிடும். ஹலாலாகச் சம்பாதித்த பணம் ஹலாலான வழியிலேயே வீடு வந்து சேரட்டும்.

உடலும் உடைமையும்

அமீரகத்திலும் சவூதியிலும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை உச்சிவெயிலில் திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு; கத்தாரில் ஜூன் முதல் தேதியே அது தொடங்குகிறது. இது முதலாளியின் கருணையன்று, தொழிலாளியின் உரிமை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி நீர் அருந்துங்கள்.

குடும்பத்தோடு குடியிருப்போர் காஞ்சிப் பட்டையும் உடன் கொண்டு செல்வதுண்டு. அதன் ஜரிகையில் வெள்ளி இருப்பதால் வாசனைத் திரவியமும் பாச்சா உருண்டையும் பட்டால் கறுக்கும். பிளாஸ்டிக் உறையைத் தவிர்த்துப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் மடிப்பில் கிழியாது.

இடர் நேர்ந்தால்

பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வது பல வளைகுடா நாடுகளில் சட்டப்படியே குற்றம். சம்பளம் வராவிட்டாலும் ஆள் தொடர்பற்றுப் போனாலும் ஊரிலிருந்தபடியே 2015-இல் தொடங்கப்பட்ட ‘மதத்’ என்னும் அரசு இணையதளத்தில் முறையிடலாம். இந்தியத் தூதரகங்களில் துயருற்றோருக்கென 2009 முதல் சமூக நல நிதி இயங்குகிறது. தமிழக அரசின் அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஓடிப்போய் வேறிடத்தில் வேலை பார்ப்பது, நியாயம் நம் பக்கம் இருந்தாலும் நம்மையே குற்றவாளியாக்கிவிடும்.

வீட்டில் ஒரு கோப்பு

இவ்வளவையும் ஒரே நாளில் செய்து முடிக்க ஒரு வழி உண்டு. பத்து ரூபாய்க் கோப்பு ஒன்று வாங்குங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு ஆகியவற்றின் நகல்கள்; முகவருக்குக் கொடுத்த பணத்தின் ரசீது; நிறுவனத்தின் பெயர், முகவரி; உடன் தங்கியிருப்போர் இருவரின் எண்கள்; அந்நாட்டு இந்தியத் தூதரகத்தின் எண்; வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அதில் வையுங்கள். கடவுச்சொற்களை அதில் எழுதாதீர்கள். கோப்பு எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். அவர்களில் ஒருவர் மனைவியாக இருக்கட்டும். ‘பெண்களுக்கு எதற்கு இந்த விவரமெல்லாம்?’ என்று ஒதுக்கி வைத்த வீடுகளில், ஆபத்து வந்த நாளில் அவர்களே அலுவலகம் அலுவலகமாக அலைய நேர்கிறது.

அடுத்த மாதம் சபர் புறப்படுவோர் இந்த வாரமே அக்கோப்பைத் தொடங்குங்கள். ஏற்கெனவே சென்றிருப்போரின் வீட்டார், இன்றிரவு பேசும்போது நகல்களைக் கேட்டு வாங்குங்கள். கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்கள் அனைவரும் உடல் நலத்தோடும் மானத்தோடும் வீடு திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!