பியானோ மேல் ஒரு சிவப்புப் பூ: லீடர் ஜெயிலில் இருந்தாலும் கச்சேரி நிற்கவில்லை! யார் இந்த புக்லியேசே?

டேங்கோ என்றதும் என்ன ஞாபகம் வரும்? வாயில் ரோஜாவைக் கடித்தபடி ஒரு ஜோடி ஆடும் காட்சிதானே? அர்ஜென்டினாக்காரர்களிடம் கேட்டால் வேறொரு பூவைச் சொல்வார்கள். ஆளில்லாத பியானோ மேல் வைக்கப்பட்ட ஒரு சிவப்பு கார்னேஷன் பூ.

அந்த பியானோவுக்குச் சொந்தக்காரர் ஓஸ்வால்டோ புக்லியேசே. 1905-ல் பியூனஸ் அயர்ஸின் வில்லா கிரெஸ்போ பகுதியில் பிறந்தவர். அப்பாவுக்குச் செருப்பு தைக்கும் வேலை, மிச்ச நேரத்தில் புல்லாங்குழல். 'ரெகுவெர்தோ' என்ற டேங்கோவை புக்லியேசே எழுதியபோது அவர் டீன் ஏஜ் பையன். இன்றும் அது வாசிக்கப்படுகிறது.

டேங்கோவுக்கு எதுக்கு ஆர்கெஸ்ட்ரா?

டேங்கோ வெறும் டான்ஸ் இல்லை. 1930-களின் பாதியிலிருந்து 1950-கள் வரை அதை 'பொற்காலம்' என்கிறார்கள். அப்போது அந்த ஊரில் இதை வாசித்தவை 'ஓர்கெஸ்டா டிபிகா' எனப்படும் குழுக்கள். வழக்கமான செட்டப்பில் நாலைந்து பேண்டோனியன், ஏறக்குறைய அதே அளவு வயலின், ஒரு பியானோ, ஒரு டபுள் பாஸ் இருக்கும். டிரம்ஸ் கிடையாது! தாளத்தை பியானோவும் பாஸும் பேண்டோனியனும் சேர்ந்துதான் தூக்க வேண்டும்.

இந்த பேண்டோனியன் நம்ம ஊர் ஆர்மோனியத்துக்கு ஒருவகையில் தூரத்துச் சொந்தம். காற்றும் உலோக நாக்குகளும்தான் சத்தத்துக்குக் காரணம். ஜெர்மனியில் பிறந்து, கப்பலேறி அர்ஜென்டினா வந்த கருவி. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரே பட்டனை அழுத்தினாலும் பெட்டியை விரிக்கும்போது ஒரு ஸ்வரம், மூடும்போது வேறு ஸ்வரம். 71 பட்டன் இருக்கும் மாடலைக் கற்பவர் கிட்டத்தட்ட நான்கு கீபோர்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டும்.

புக்லியேசே 1939-ல் சொந்தக் குழுவை ஆரம்பித்தார். 1946-ல் ரெக்கார்ட் செய்த 'லா யும்பா'வைக் கேட்டால் அவர் ஸ்டைல் பிடிபட்டுவிடும். 'யும்' என்று மொத்தக் குழுவும் இழுத்து அடிக்கும், 'பா' என்று ஆழத்தில் இறங்கும். பெயரே அந்தச் சத்தம்தான். ஹெட்போனில் கேளுங்கள், போன் ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும்.

சம்பளம் எப்படிப் பிரித்தார்கள்?

கதையின் முக்கியமான இடம் இது. புக்லியேசே கம்யூனிஸ்ட். 1936-ல் கட்சியில் சேர்ந்தவர், இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைக்கப் பாடுபட்டவர். மேடையிலும் அதையே செய்தார். பொதுவாக லீடர்தான் முதலாளி, மற்றவர்களுக்குச் சம்பளம். இவர் குழு கூட்டுறவு முறையில் இயங்கியது. ஒவ்வொருவரின் பங்களிப்புக்கும் பாயின்ட், வந்த வருமானம் அந்தக் கணக்கில் பிரியும். லீடருக்கும் அதே கணக்குதான்! குழுவில் இருப்பவர்கள் சொந்தமாக டேங்கோ எழுதினால் அதையும் மேடை ஏற்றினார்கள். 1968-ல் முக்கியமான ஆறு பேர் பிரிந்து 'செக்ஸ்டெட்டோ டேங்கோ' ஆரம்பித்தபோதும், புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு அவர் தொடர்ந்து வாசித்தார்.

அரசியலுக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. பெரோன் ஆட்சியிலும், அதைக் கவிழ்த்தவர்கள் ஆட்சியிலும் கைது செய்யப்பட்டார். ரேடியோவில் தடை. அவர் உள்ளே இருந்த நாட்களில் குழு கச்சேரியைக் கைவிடவில்லை. மேடையில் அவர் இடம் காலி, பியானோ மேல் சிவப்பு கார்னேஷன். அறிவிப்பே தேவையில்லை, அவர் எங்கே என்று வந்தவர்களுக்குத் தெரியும்.

வருமானம் லீடர் கையில் மட்டும் போயிருந்தால், அவர் ஜெயிலுக்குப் போன அன்றே குழு கலைந்திருக்கலாம். கூட்டுறவு என்பது அவருக்குக் கொள்கை. குழுவுக்கு அது பிழைக்கும் வழியாகவும் ஆனது.

80 வயதில் கிடைத்த மேடை

சின்ன வயதில் அவர் வீட்டில் பியானோ சாதகம் செய்யும்போது அம்மா, "கோலோனுக்குப் போ" என்பாராம். டியாட்ரோ கோலோன் என்பது பியூனஸ் அயர்ஸின் பிரம்மாண்ட ஓபரா அரங்கம். மொஸார்ட், வெர்டி எல்லாம் கேட்கும் இடம். தெருவில் வளர்ந்த டேங்கோவுக்கு அங்கே அவ்வளவு எளிதில் கதவு திறக்காது. டேங்கோ கச்சேரிகளில் ரசிகர்களும் அதே 'கோலோனுக்கு!' கோஷத்தைப் போட்டார்கள்.

ராணுவ ஆட்சி 1983-ல் முடிந்தது. 1985 டிசம்பர் 26 அன்று, 80 வயது புக்லியேசே தன் குழுவோடு கோலோன் மேடையில் உட்கார்ந்தார். அம்மா சொன்னதை அங்கேயே நினைவுகூர்ந்தார். 'லா யும்பா'வும் வாசித்தார்கள்.

1995-ல் அவர் காலமானார். பியூனஸ் அயர்ஸ் மெட்ரோ பி லைனில் ஒரு ஸ்டேஷனுக்கு இன்று அவர் பெயரும் சேர்ந்திருக்கிறது. இன்னொரு விநோதம், கடவுள் மறுப்பாளரான இவரை இசைக்காரர்கள் 'சான் புக்லியேசே', அதாவது புனித புக்லியேசே ஆக்கிவிட்டார்கள். ராக் பேண்டுகள்கூட சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில் அவர் படத்தை ஒட்டி வைக்கின்றன. ஷோ தொடங்கும் முன் ஆம்ப் சொதப்பாமல் இருக்க, 'புக்லியேசே, புக்லியேசே, புக்லியேசே' என்று மூன்று முறை சொல்லிக்கொள்வார்கள்.