எதிர்வீட்டைக் காணோம்!

மார்கழியில எங்க ஓசூருக்கு வந்தா, காலைல அஞ்சரைக்கு வாசக்கதவைத் திறந்து பாருங்க. எதிர்வீடு மிஸ்ஸிங்! கோலம் போடுற ஆன்ட்டியோட இருமல் மட்டும் கேட்கும். ஊர் இருக்கிறது கடல்மட்டத்துக்கு மேல ஏறக்குறைய 900 மீட்டர்ல. மேகமும் காத்தும் இல்லாத ராத்திரியில தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டின ஈரக்காத்து பனிமூட்டமா மாறிடும். செம சீன்தான்... பைக் எடுக்காத வரைக்கும்!

போன டிசம்பர்ல பைபாஸ்ல ஹை பீம் போட்டேன். வெளிச்சம் பனியில மோதி என் கண்ணுலயே திரும்பி அடிச்சுது. லைட் இல்லாம நின்ன லாரி தெரிஞ்சப்போ பத்தடிதான் பாக்கி. மெதுவாப் போனதால இதை எழுதறேன். நீங்க லோ பீம்லயே போங்க, ப்ளீஸ்!

அப்பாவுக்கு சிப்காட்ல ஆறு மணி ஷிஃப்ட். 'வந்துட்டேன்'னு அவர் போன் பண்ற வரைக்கும் எங்க வீட்ல யாரும் காபியைத் தொடறதில்ல.