முதுமையும் குருதித் தொற்றும்

இவ்விதழைப் படிக்கும் பழைய மாணவருட் பலர் முதுமையை எய்தியோர். வேறு பலர் முதிய பெற்றாரைப் பேணுவோர். இருசாராரும் அறிந்திருக்க வேண்டிய நோயொன்றைப் பற்றிச் சிறிது கூறுதும்.

குருதியில் இயல்பாகக் கிருமிகள் வாழ்வதில்லை. சிறுநீர்ப்பாதை, சுவாசப்பை, பித்தப்பை, தோல் என்பவற்றுள் ஏதேனும் ஓரிடத்தில் தோன்றிய தொற்று குருதியிற் புகுமாயின் உயிருக்கே ஆபத்தாகும்.

இளைஞரிடத்துக் கடுங்காய்ச்சலும் நடுக்கமும் இந்நோயைப் பெரும்பாலும் அறிவித்துவிடும். முதியோரிடத்தோ காய்ச்சலே தோன்றாதிருத்தலும் உண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று தடுமாறுவார், உணவை வெறுப்பார், நடக்கையில் விழுவார், உறங்கியவண்ணமே கிடப்பார். "வயது போனால் அப்படித்தான்" என்று வீட்டார் வாளாவிருத்தல் ஆகாது. திடீரெனத் தோன்றும் இத்தகைய மாற்றம் முதுமையின் இயல்பன்று. வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

அங்கு வைத்தியர், இயன்றவரை மருந்து ஏற்றுமுன்னரே குருதியை எடுத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவர். மருந்து முந்தினால் கிருமி சோதனையில் வளராது மறைதல் கூடும். பின்னர்த் தாமதமின்றி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நாளத்தின் வழியே ஏற்றுவர். கிருமி இன்னதெனத் தெளிந்ததும் அதற்கே உரிய மருந்தைத் தெரிவர். முதியோரின் சிறுநீரகம் தளர்ந்திருப்பின் மருந்தின் அளவைக் குறைப்பதும் உண்டு.

எத்தனை நாள் மருந்து வேண்டும்? 14 நாள் என்பது நெடுநாளைய வழக்கு. கனடா நாட்டு வைத்தியர் முன்னின்று 7 நாடுகளில் நடாத்திய 'பலன்ஸ்' என்னும் ஆய்வின் முடிவு 2024 இல் வெளிவந்தது. அதிற் பங்குபற்றிய 3608 நோயாளருள் ஒரு சாரார்க்கு 7 நாளும், மறுசாரார்க்கு 14 நாளும் மருந்து விதிக்கப்பட்டது. 90 நாளுள் இறந்தோர் முறையே நூற்றுக்கு 14.5, 16.1 ஆவர். குறுகிய சிகிச்சை நீண்டதற்குத் தாழ்ந்ததன்று என்பது இதனாற் புலனாயிற்று.

முதியோர்க்கு இது பெரும் நன்மை. மருந்து நீளுந்தோறும் வயிற்றோட்டம் முதலிய தீங்குகளும், மருந்துக்கு அடங்காக் கிருமிகள் பெருகுதலும் கூடும். படுக்கையில் நெடுநாட் கிடப்பின் தசை மெலிந்து நடை தளரும்.

எனினும், 'ஸ்ரபிலோகொக்கசு ஓரியசு' என்னும் கிருமியால் வந்த தொற்றுக்கும், இதய வால்வு, எலும்பு ஆகியவற்றைப் பற்றிய தொற்றுக்கும், வெளியேற்றப்படாத சீழ்க்கட்டிக்கும் இவ்விதி பொருந்தாது; அவற்றுக்கு நீண்ட சிகிச்சையே வேண்டும். ஆதலின் நாட்கணக்கை வரையறுப்பவர் வைத்தியரேயன்றி நோயாளரல்லர். உற்றார் செய்யத்தக்கது, மாற்றத்தைக் கண்ட அன்றே முதியவரை அவரிடம் சேர்ப்பித்தலாம்.