ஊட்டும் கைகளின் பொறுப்பு

பிரதோஷ மாலை. சுவாமி ரிஷப வாகனத்தில் பிராகாரம் வலம்வந்து முடிந்ததும், மண்டபத்தில் தொன்னைகளில் சர்க்கரைப் பொங்கல் வழங்கப்படுகிறது. வரிசையில் நிற்கும் பாட்டி ஒருவர் தமக்குக் கிடைத்த தொன்னையையும் பேரனிடமே நீட்டுகிறார். "வளர்கிற பிள்ளை, சாப்பிடட்டும்" என்கிறார். பேரனுக்கு எட்டு வயதுதான் இருக்கும். ஒரு சுற்று வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. அருகில் நிற்பவர் சிரித்துக்கொண்டே, "பிள்ளையாரே நேரில் வந்துவிட்டார்!" என்கிறார். சிறுவன் தலைகுனிந்து தொன்னையையே பார்க்கிறான்.

எந்த ஊர்க் கோயிலிலும் காணக்கூடிய காட்சி இது. பாட்டியின் செயலில் இருப்பது அன்பு. கேலி செய்தவரிடமும் தீய எண்ணம் இல்லை. ஆனால் இரண்டுமே அந்தப் பிள்ளைக்கு நன்மை செய்யவில்லை.

கொழுகொழுவென்று இருக்கும் குழந்தையே ஆரோக்கியமான குழந்தை என்னும் எண்ணம் காரணமின்றி வந்ததன்று. ஒரு வேளைக் கஞ்சிக்கே வழியில்லாத காலத்தை இன்றைய பாட்டிகள் பலர் நேரில் கண்டவர்கள். அல்லது தம் தாயாரிடம் கேட்டு வளர்ந்தவர்கள். பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் போக்கவே 1982இல் தமிழகத்தில் சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தத் தலைமுறைக்கு, பேரனின் உப்பிய கன்னம் இறைவன் கொடுத்த வரமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் காலம் மாறிவிட்டது. இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் அதிக எடை உள்ளோர் 2015–16இல் நூற்றுக்கு 2.1 பேர்; 2019–21இல் அது 3.4 ஆக உயர்ந்ததாகத் தேசியக் குடும்ப நல ஆய்வு தெரிவிக்கிறது. 2022ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயது வரையிலானவர்களில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் பேர் நம் நாட்டில் உடல் பருமனுடன் இருந்ததாகப் பன்னாட்டு ஆய்வொன்று மதிப்பிட்டது. முன்பு பெரியவர்களுக்கு மட்டுமே உரியவை எனக் கருதப்பட்ட இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கல்லீரலில் கொழுப்புப் படிதல் ஆகியவை இன்று பிள்ளைப் பருவத்திலேயே தலைகாட்டுகின்றன.

யார் பொறுப்பு?

"வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று பிள்ளையைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால் கடைக்குச் சென்று பொருள் வாங்குவதும், அடுப்பில் சமைப்பதும், கைப்பேசியைக் கையில் கொடுத்து ஊட்டுவதும் எட்டு வயதுப் பிள்ளையல்ல. அழுகையை நிறுத்தப் பிஸ்கட், வீட்டுப்பாடம் முடித்தால் சாக்லேட், தேர்வில் வென்றால் குளிர்பானம் என்று உணவைப் பரிசாக்கியவர்கள் பெரியவர்களே. 300 மில்லி குளிர்பானத்தில் பெரும்பாலும் ஆறு தேக்கரண்டிக்கும் மேலான சர்க்கரை இருக்கிறது. அதைப் பிள்ளை எப்படி அறியும்?

பொறுப்பு முழுவதையும் வீட்டின் மேல் ஏற்றுவதும் நியாயமாகாது. பரம்பரைக் கூறும் உடல்வாகும் இதில் பங்கு பெறுகின்றன. விளையாட்டு மைதானம் இல்லாத பள்ளி, நடைபாதை இல்லாத தெரு, பிள்ளைகளை மயக்கும் விளம்பரம் ஆகியவற்றுக்கும் பங்குண்டு. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி வகுத்தது. அவ்விதி தம் பிள்ளையின் பள்ளியில் நடைமுறையில் உள்ளதா என்று கேட்பது பெற்றோரின் உரிமை, கடமையும்கூட. பொறுப்பில் பங்கே இல்லாதவர் ஒருவர் உண்டென்றால், அது அந்தப் பிள்ளைதான்.

கோயில் கற்பிக்கும் அளவு

இதற்கான வழி கோயிலிலேயே இருக்கிறது. பிரசாதம் வயிறு நிரம்ப உண்பதற்காகத் தரப்படுவதில்லை. ஆண்டவனுக்கு நிவேதித்து, கண்ணில் ஒற்றி, சிறிதளவு உண்டு, உடன் இருப்பவருடன் பகிர்வதே மரபு. ஒரு தொன்னைப் பொங்கலை நால்வர் பகிர்ந்து உண்பதால் அருள் குறைந்துவிடுவதில்லை. மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் உரைக்கிறது. 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் பெரிதும் பேசுவதும் அளவறிந்து உண்பதைப் பற்றியே. ஆயினும், எடையைக் குறைப்பதற்காகப் பிள்ளைகளை ஏகாதசி, சஷ்டி எனப் பட்டினி போடுவது தவறு. வளரும் உடலுக்கு உணவு தேவை. குழந்தைநல மருத்துவரின் ஆலோசனை பெற்றே எதையும் மாற்ற வேண்டும்.

வழிபாட்டு முறைகளும் உடலுக்குத் துணை நிற்கின்றன. பிள்ளையார் முன் தோப்புக்கரணம், பிராகார வலம், மலைக்கோயில் படிகள் யாவும் உடலை அசைக்கும் வழிபாடுகளே. சுவாமிமலையில் 60 தமிழ் ஆண்டுகளைக் குறிக்கும் 60 படிகள். திருத்தணியில் ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள். மலைமேல் வரை கார் செல்லும் என்றாலும், தாத்தாவும் பாட்டியும் வாகனத்தில் வர, பெற்றோர் பிள்ளையின் கைபிடித்து நின்று நின்று படியேறலாம். 5 முதல் 17 வயதினர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். "நீ போய் ஓடு" என்று ஏவுவதைக் காட்டிலும் உடன் நடப்பதே பயன் தரும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே உணவு இருக்கட்டும். பருமனான பிள்ளைக்கு மட்டும் தனித் தட்டு வைத்தால், அவன் மனம் புண்படும்.

கேலியையும் கைவிட வேண்டும். விநாயகரின் பெருவயிறு அண்டங்கள் யாவற்றையும் தம்முள் அடக்கியதன் குறியீடு என்பர் பெரியோர். வணங்கத்தக்க அத்திருவுருவைப் பிள்ளையைப் பழிக்கும் சொல்லாக்குவது, தெய்வத்துக்கும் சிறப்பன்று, பிள்ளைக்கும் நன்றன்று.

அடுத்த பிரதோஷத்தன்று அந்தப் பாட்டி ஒரு தொன்னையை மட்டும் வாங்கி, தாமும் உண்டு, பேரனுக்கும் அவன் தங்கைக்கும் பகிர்ந்து கொடுக்கட்டும். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "வா கண்ணா, இன்னும் ஒரு சுற்று வருவோம்" என்று அழைக்கட்டும். பாட்டியோடு நடப்பதென்றால் அவன் மறுக்கமாட்டான்.