திருப்புட்குழிப் பாடசாலையும் மூன்று தாயரும்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்துத் திருக்கோயில்களில் பெற்றோர் கூட்டம் சற்று மிகுந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலைப் பெருந்தேவித் தாயார் திருவடியில் வைத்துத் தருமாறு அர்ச்சகரிடம் நீட்டுவோரைக் காணலாம். பிள்ளை ஒரு கல்லூரியைச் சொல்லியிருப்பான். தந்தை மனத்தில் வேறொன்று இருக்கும். தாய்க்கோ எந்தக் கல்லூரியானாலும் பிள்ளை வீட்டைவிட்டுப் போகிறானே என்ற கவலை.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் இல்லங்களில் இக்கவலைக்கு இன்னொரு முகமும் உண்டு. கோர்வைப் புடவை நெய்யும் தறியில் ஒருவர் அமர்ந்தால் மட்டும் போதாது. மறுபுறத்துக் கரைக்குரிய நாடாவைத் தள்ளித்தர இன்னொருவர் வேண்டும். தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பிள்ளைகளே அந்தக் கையாக இருந்தனர். மகன் பொறியியல் படிக்கச் சென்னைக்குப் புறப்பட்டால் தந்தைக்குத் தறியில் ஒரு கை குறைகிறது. 'இந்தப் பாடு என்னோடு போகட்டும்' என்று சொல்லி அவனை அனுப்பிவைப்பவரும் அதே தந்தைதான். மகிழ்ச்சியும் வருத்தமும் ஒரே நெஞ்சில் பாவும் ஊடையுமாய்க் கலந்து நிற்கின்றன.

காஞ்சிக்கு இது புதிதன்று. கடம்ப குலத்து மயூரசர்மர், தம் ஆசிரியர் வீரசர்மருடன் பல்லவர் தலைநகரின் கடிகைக்குக் கல்வி கற்க வந்த செய்தியைக் கர்நாடகத்துத் தாளகுந்தா கல்வெட்டு கூறுகிறது. அவ்வாறு வந்தவர்களுள் வைணவ உலகம் என்றும் மறவாத மாணவர் ஒருவர் உண்டு. அவரே 1017-ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ஸ்ரீராமாநுஜர்.

மகனின் தேர்வு

தந்தையார் ஆசூரி கேசவ சோமயாஜி பரமபதம் அடைந்தபின், வேதாந்தம் கற்க விரும்பிய இளைஞர் ராமாநுஜர் தேர்ந்தெடுத்த ஆசிரியர் யாதவப்பிரகாசர். காஞ்சிக்கு மேற்கேயுள்ள திருப்புட்குழியில் அவர் பாடம் சொல்லி வந்தார். பெரும் புலமையாளர், ஆயினும் வேத வாக்கியங்களுக்கு அவர் கொண்ட பொருள் வைணவ மரபு கொண்ட பொருளன்று.

அன்னை காந்திமதியோ ஆளவந்தாரின் சீடரான பெரிய திருமலை நம்பியின் தங்கை. கணவரை இழந்த நிலையில், தம் குலநெறிக்கு மாறாகப் பொருள் சொல்லும் ஆசிரியரிடம் ஒரே மகன் செல்வதைப் பார்த்திருந்த அந்தத் தாயின் உள்ளத்தில் பெருமையும் அச்சமும் மாறி மாறி எழுந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியவர்கள் எளிதில் உணர்வர். ஆயினும் அவர் தடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. அவருடைய தங்கை த்யுதிமதியின் மகன் கோவிந்தரும் அதே பாடசாலையில் சேர்ந்தார்.

அச்சம் பொய்க்கவில்லை. மாணவரின் நுண்ணறிவு ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை. கருத்து வேறுபாடு பகையாக முற்றி, காசி யாத்திரை என்ற பெயரில் அவரை அழைத்துச் சென்று கங்கையில் ஆழ்த்திவிட எண்ணினார் என்று குருபரம்பரை நூல்கள் உரைக்கும். விந்தியக் காட்டில் கோவிந்தர் செய்தியை அண்ணனுக்குச் சொல்லித் தப்பிக்கச் செய்ததும், பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும் வேடனும் வேடுவச்சியுமாக வந்து அவரைக் காஞ்சியில் சேர்த்ததும் அன்பர்கள் அறிந்தவையே.

வீடு திரும்பிய மகனிடம் காந்திமதி அம்மையார் 'நான் அப்போதே நினைத்தேன்' என்று கடிந்ததாக எந்த வரலாறும் இல்லை. மாறாக, 'திருக்கச்சி நம்பியை அணுகி, அவர் சொற்படி நட' என்று வழிகாட்டினார். நம்பி பாடசாலை நடத்திய பண்டிதர் அல்லர். வேதியர் குலத்தவரும் அல்லர். பூவிருந்தவல்லியில் வணிகர் குலத்தில் பிறந்து, வரதனுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டு செய்தவர். அன்னையின் சொற்படி அவரை நாடிய ராமாநுஜர், செவிலிமேட்டுச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் பெருமாளுக்குத் தீர்த்தம் சுமந்து வரும் கைங்கரியத்தை மேற்கொண்டார்.

காத்திருந்த தாய்

தங்கை த்யுதிமதியின் நிலை வேறு. அண்ணனைக் காத்த கோவிந்தர் யாத்திரை முடிந்தும் வீட்டுக்கு வரவில்லை. காளத்தியில் இறைவன் திருத்தொண்டில் ஈடுபட்டு அங்கேயே தங்கிவிட்டார். இருவரையும் ஒரே பாடசாலைக்கு அனுப்பிய சகோதரியருள் ஒருத்தியின் மகன் திரும்பினான். மற்றொருத்தியின் மகன் வேறு வழி சென்றான். பின்னாளில் மாமாவான பெரிய திருமலை நம்பி காளத்திக்கே சென்று, பொறுமையுடன் பேசி அவரை அழைத்து வந்தார். அந்தக் கோவிந்தரே பின்பு 'எம்பார்' என்று வைணவ உலகம் போற்றும் ஆசாரியரானார். அந்நாள் வரும்வரை அந்தத் தாய்க்குக் காத்திருப்பதன்றி வேறென்ன இருந்திருக்கும்!

ஆசிரியரின் அன்னை

மூன்றாவது தாய், யாதவப்பிரகாசரையே ஈன்றவர். ராமாநுஜர் காஞ்சியில் துறவறம் பூண்டு விளங்கிய காலத்தில் அவரது தேசைக் கண்ட அந்த மூதாட்டி, முதுமையடைந்திருந்த தம் மகனை நோக்கி, 'நீ இவரைச் சரணடைவதே தகும்' என்றார். ஊரார் போற்றும் ஆசிரியரைத் தம் மாணவருக்கே மாணவராகச் சொல்வது எளிதா? மகனின் புகழைத் தம் புகழாகக் கொண்டிருந்தால் அவர் வாய் திறந்திருக்க மாட்டார். யாதவப்பிரகாசர் தயங்கினார். திருக்கச்சி நம்பி வழியாகப் பெருமாளின் திருவுள்ளம் அறிந்தபின், அன்னை சொல்லைத் தலைமேற்கொண்டார். 'கோவிந்த ஜீயர்' என்ற திருநாமம் பெற்று, துறவியர் ஒழுக்கம் பற்றிய 'யதிதர்ம ஸமுச்சயம்' என்னும் நூலையும் இயற்றினார்.

இம்மூவரில் எவரும் மகனுக்குரிய ஆசிரியரைத் தாமே முதலில் தேர்ந்து தந்தவர் அல்லர். மகன் சென்ற வழியைப் பார்த்திருந்தனர். சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது சொல்லவும் செய்தனர். திரும்பி வந்தவனிடம் வீட்டுக் கதவும் சாத்தப்படவில்லை.

தலத்தின் சிறப்பு

காஞ்சியிலிருந்து வேலூர் செல்லும் வழியில், பாலுசெட்டி சத்திரத்தை அடுத்துள்ளது திருப்புட்குழி. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களுள் ஒன்று. புள்ளாகிய ஜடாயுவுக்கு ஸ்ரீராமபிரான் ஒரு மகனைப்போல் ஈமக்கடன் ஆற்றிய தலம் என்பர். மூலவர் விஜயராகவப் பெருமாள், தாயார் மரகதவல்லி. மகப்பேறு வேண்டும் பெண்கள் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொண்டு உறங்க, அது முளைவிட்டால் வேண்டுதல் பலிக்கும் என்பது இங்குள்ள நம்பிக்கை.

பிள்ளை வேண்டும் என்று மடியில் பயறு கட்டி வேண்டிக்கொண்ட அதே ஊரில்தான், வளர்ந்த பிள்ளைகள் தாம் விரும்பிய பாடத்தைத் தேடிச் சென்ற பாடசாலையும் இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்காக வரதனை வேண்டக் காஞ்சிக்கு வரும் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் திருப்புட்குழிக்கும் ஒருமுறை சென்று வரலாம். பிள்ளை எந்தக் கல்லூரியைச் சொன்னாலும், மரகதவல்லித் தாயார் முன் அவனுக்காக வேண்டிக்கொள்ளும்போது, தமக்கும் சிறிது பொறுமையைக் கேட்டுப் பெறலாம்.