பியெத்தா பெண்கள் பாடிய குளோரியா

விவால்டி என்றதும் ‘நான்கு பருவங்கள்’ வயலின்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். டீ குடித்து முடிப்பதற்குள் அவருடைய இன்னொரு படைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதன் பெயர் ‘குளோரியா’. நம் ஊர்க் கத்தோலிக்கக் கோயில்களில் ஞாயிறு பூசையில் ‘வானவர் கீதம்’ பாடுகிறார்களே, அதன் லத்தீன் மூலம்தான் இது. அந்தச் சிறிய பாட்டை 12 பகுதிகளாகப் பிரித்து, சேர்ந்திசைக் குழுவுக்கும் வாத்தியங்களுக்குமாக 1715 வாக்கில் எழுதினார். மொத்தமே அரை மணி நேரம்தான் ஓடும்.

யாருக்காக எழுதினார் என்பதுதான் முக்கியம். வெனிஸில் ‘பியெத்தா’ என்றொரு காப்பகம் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருந்தது. பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தைகளைச் சுவரிலிருந்த திறப்பு ஒன்றில் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி வந்து சேர்ந்த பெண் குழந்தைகளில் இசைத் திறமை உள்ளவர்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். விவால்டி பாதிரியார். 1703இல் அங்கே வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். பாடல்குழுத் தலைவர் கஸ்பரீனி 1713இல் விலகிப் போனதும், கோயிலுக்கான பாடல்களை எழுதும் பொறுப்பும் இவரிடம் வந்தது. பெண்கள் மாடத்தில் கிராதிக்குப் பின்னால் நின்று பாடுவார்கள். முகம் சரியாகத் தெரியாது. அந்தக் குரல்களைக் கேட்கவே ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். குளோரியாவில் நான்கு வகைக் குரல்கள் உண்டு. மேலே இரண்டும் பெண்குரல், கீழே டெனரும் பாஸும் வழக்கமாக ஆண்குரல். ஆண்களே இல்லாத குழுவில் அவற்றை யார் பாடியிருப்பார்கள்? பெண்கள்தான். பியெத்தாவின் ஏடுகளிலேயே ‘டெனர்’, ‘பாஸ்’ என்ற அடைமொழியோடு பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. சிலருக்குக் கனத்த குரல் இருந்திருக்கலாம். பாஸ் வரிகளை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றிப் பாடினார்கள் என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். அப்படிப் பாடினாலும் அடிநாதம் போய்விடாது, கீழே செல்லோவும் ஆர்கனும் அதே வரியை வாசித்துக்கொண்டிருக்கும். தனிக்குரல் பகுதிகள் எல்லாமே பெண்களுக்கு எழுதப்பட்டவை.

1741இல் வியன்னாவில் விவால்டி வறுமையில் இறந்தார். கையெழுத்துப் பிரதிகள் கைமாறிக் கைமாறி மறைந்தன. 1926இல் பீட்மான்ட் பகுதியில் சலேசிய சபைப் பள்ளி ஒன்று தன்னிடமிருந்த பழைய இசை ஏடுகளை விற்க முன்வந்தது. மதிப்பிடச் சொல்லி டூரின் நூலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பேராசிரியர் அல்பெர்த்தோ ஜென்டிலி விவால்டியின் கையெழுத்தைக் கண்டுகொண்டார். வாங்கப் பணமில்லை. சின்னஞ்சிறு மகன் மௌரோவைப் பறிகொடுத்திருந்த ரொபெர்த்தோ ஃபோவா, அவன் நினைவாக வாங்கிக் கொடுத்தார். தொகுப்பில் பாதி குறைகிறது என்று தெரிந்து தேடியபோது, மீதி ஜெனோவாவில் ஒரு பிரபு குடும்பத்திடம் கிடைத்தது. அதை வாங்கித் தந்த ஃபிலிப்போ ஜொர்தானோவும் மகனை இழந்தவர்தான். இரண்டு பிள்ளைகளின் பெயர்களிலேயே அந்த ஏடுகள் இன்றும் டூரினில் இருக்கின்றன. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பாடியதை, பிள்ளைகளை இழந்த தகப்பன்கள் மீட்டுத் தந்திருக்கிறார்கள். இதை நினைக்காமல் என்னால் குளோரியாவைக் கேட்க முடிவதில்லை.

1939 செப்டம்பரில் இசையமைப்பாளர் கசெல்லா சியேனா நகரில் குளோரியாவை மேடையேற்றினார். அதற்கு முந்தைய ஆண்டே, யூதர் என்பதற்காக ஜென்டிலியின் பல்கலைக்கழகப் பதவி பறிக்கப்பட்டிருந்தது. போர் முடிந்த பிறகுதான் இந்த இசை உலகெங்கும் பரவியது.

ஏன் இத்தனை பேருக்குப் பிடிக்கிறது? தொடக்கத்தில் வயலின்கள் ஒரே சுரத்தை ஸ்தாயி விட்டு ஸ்தாயி துள்ளிக் காட்டுகின்றன, டிரம்பெட் முழங்குகிறது, முதல் நிமிடத்திலேயே மனது எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. பெரிய வாத்தியக் குழு தேவையில்லை. தந்தி வாத்தியங்கள், ஒரு டிரம்பெட், ஒரு ஓபோ, ஆர்கன் போதும். அதனால் சிறு ஊர்களின் பாடல்குழுக்கள்கூடத் துணிந்து எடுத்துப் பாடுகின்றன.

என்னைக் கட்டிப்போட்டது இரண்டாம் பகுதி. நல்மனத்தோருக்குப் பூமியில் அமைதி வேண்டுகிற வரி அது. வேறொருவராக இருந்தால் இனிமையாக முடித்திருப்பார். விவால்டி சோகச் சாயலுள்ள மைனர் சுரவரிசைக்கு இறங்கி, குரல்களை ஒன்றன்பின் ஒன்றாக நுழையவிட்டு, சுரங்களை உரசவிட்டு, முதல் பகுதியைவிட இரு மடங்கு நேரம் நீட்டுகிறார். அமைதி சுலபத்தில் கிடைப்பதில்லை என்பதை அறிந்தவர் எழுதிய இசை அது. கடைசிப் பகுதிக்கு ருஜ்ஜியேரி என்ற இன்னொருவரின் இசையை எடுத்துத் திருத்திக்கொண்டார். அன்றைக்கு அது சாதாரண வழக்கம்.

இன்றிரவே யூடியூபில் தேடிக் கேளுங்கள். துள்ளலான முதல் பகுதியோடு நிறுத்திவிடாமல் இரண்டாவதையும் முழுதாகக் கேளுங்கள். பெண்கள் மட்டுமே பாடிய பதிவுகளும் இருக்கின்றன, முடிந்தால் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.