களிமண் மனிதனும் அப்பிள் ஏந்திய சிறுமியும்

பிராக் நகரின் பழைய யூத இடுகாட்டிலே ரபி லேவ் என்னும் சமயகுருவின் கல்லறை உளது. மறைநூல்களிற் பெரும் புலமை வாய்ந்த அப்பெரியார் 1609ஆம் ஆண்டிற் காலமானார். அவர் மறைந்து நெடுங்காலத்தின் பின் ஒரு கதை அவர் பெயருடன் வந்து சேர்ந்தது. தம் மக்களைக் காக்கும் பொருட்டு அவர் களிமண்ணாற் பேருருவொன்று சமைத்து உயிரூட்டினார் என்பதே அக்கதை. அவ்வுருவின் பெயர் கோலெம்.

1913இல் ஒரு படத்தில் நடிப்பதற்காகப் பிராக் சென்றிருந்த ஜெர்மானிய நடிகர் போல் வெகனர் இக்கதையைக் கேட்டார். கேட்டவரை அது விடவேயில்லை. 1915இலும் 1917இலும் கோலெம் வேடம் பூண்டவர், 1920இல் மூன்றாம் முறையாகவும் பூண்டார். அம்மூன்றாவது படமே இன்றும் உலகம் விரும்பிக் காணும் மௌனப்படம்.

படத்திற்கெனக் கட்டடக் கலைஞர் ஹான்ஸ் பொல்சிக் ஒரு தெருவையே எழுப்பினார். அதில் நேரான சுவர் ஒன்றையேனும் காண்பதரிது. வீடுகள் யாவும் கூனிக் குறுகி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அஞ்சி வாழும் மக்களின் வீடுகள் அப்படித்தான் இருக்கும் போலும்!

யூதர் அனைவரும் நகரை விட்டு வெளியேற வேண்டுமெனச் சக்கரவர்த்தி ஆணையிடுகிறான். ரபி உயிர்தரும் சொல்லைத் தாளில் எழுதி, களிமண் உருவின் மார்பிலுள்ள விண்மீன் வடிவச் சிமிழினுள் வைக்கிறார். கோலெம் கண் திறக்கிறான். முதலில் அவன் செய்பவை விறகு பிளத்தலும் கடைக்குப் போதலுமே! பின்னர் அரண்மனையிலே கூரை இடிந்து வீழுங்கால், அதனைத் தாங்கி நிற்பவனும் அவனே. உயிர் தப்பிய சக்கரவர்த்தி ஆணையை மீட்டுக்கொள்கிறான்.

படத்தில் ஆணை மீட்கப்பட்டது. வாழ்க்கையில் அவ்வாறு நிகழவில்லை. ரபியின் சீடனாக நடித்த ஏர்ன்ஸ்ட் டொய்ச் யூதர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் அவர் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது. வெகனரோ அங்கேயே தங்கி, அவ்வாட்சிக் காலப் படங்களிலும் நடித்தார்.

ரபியின் மகளுக்கும் அரண்மனை வீரனுக்கும் இடையிலான காதற் பகுதி சற்றே நீண்டுவிட்டது என்பது என் எண்ணம். ஆயினும் அதனைக் கண்டு பொறாமை கொண்ட சீடன், ரபி உயிர் நீக்கி வைத்திருந்த கோலெமை மீண்டும் எழுப்பிவிடுவதால் அப்பகுதியும் வேண்டற்பாலதே. இம்முறை கோலெம் எவர்க்கும் அடங்கவில்லை. வீரனைக் கோபுரத்தினின்றும் எறிந்து, வீட்டிற்குத் தீயிட்டு, தெருவின் பெருங்கதவையும் பெயர்த்துக்கொண்டு வெளியே செல்கிறான்.

1931இல் அமெரிக்காவில் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்' படத்திலும் அத்தகைய பேருரு ஒன்று ஒரு சிறுமியைச் சந்திக்கிறது; அங்கே சிறுமி நீரில் மாண்டு போகிறாள். இங்கு நிகழ்வது வேறு. வெளியே வெயிலில் விளையாடும் சிறுவர் கோலெமைக் கண்டதும் சிதறி ஓடுகின்றனர். ஒரு சின்னஞ்சிறுமி மட்டும் ஓடவில்லை. தன் கையிலிருந்த அப்பிளை அவனிடம் நீட்டுகிறாள். இவ்விடத்தில் வெகனரின் முகத்தை உற்று நோக்குங்கள்: அதுவரை கல்லாயிருந்த முகம் இளகுகிறது. அவன் அவளைத் தூக்கிக்கொள்கிறான். அவளோ விளையாட்டாக அவன் மார்பிலிருந்த விண்மீனைப் பிடுங்கிவிடுகிறாள்.

கோலெம் சாய்கிறான். ஓடிய சிறுவர் திரும்பி வந்து அம்மண்ணுடலின் மேல் ஏறி அமர்கின்றனர். பின் பெரியோர் வந்து அதனைத் தோளிற் சுமந்து உள்ளே கொண்டு செல்ல, தெருவின் கனத்த கதவு மறுபடியும் சாத்தப்படுகிறது.